வளாகத்தில் ஆபத்து என்றால் யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள்?

ஈப்போவிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகளுக்குப் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில்தான் தங்கப் போகிறாள். அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகனுக்கு, வளாகத்தில் ஏதாவது அசம்பாவிதம் என்றால் உடனே கைப்பேசியில் எச்சரிக்கை வந்துவிடுகிறதாம். நம் நாட்டிலும் அப்படி உண்டா? ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்துகொண்டால் போதுமா?"

சகோதரி, செயலி மட்டும் போதாது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், எந்த நாடானாலும் இதுதான் பதில். கோலாலம்பூரில் கட்டடங்களின் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது கல்லூரி விடுதிகளின் காவலர்களுக்கும் வார்டன்களுக்கும் அவசரகாலப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நான் பார்த்தவரையில், எச்சரிக்கை தாமதமாவதற்குக் கருவி காரணமாக இருப்பது குறைவு. ஆபத்தை முதலில் கண்ட ஆளுக்கும், "அனுப்புங்கள்" என்று சொல்ல அதிகாரம் உள்ள ஆளுக்கும் இடையில்தான் நிமிடங்கள் தொலைகின்றன. அதனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது, விடியற்காலை மூன்று மணிக்கு எச்சரிக்கையை அனுப்பும் பொறுப்பு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான்.

உங்கள் அண்ணன் மகனுக்கு வரும் எச்சரிக்கையின் பின்னால் ஒரு தாய் தகப்பனின் போராட்டம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹாய் பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டாள். வளாகத்தில் அதற்கு முன்பு நடந்த குற்றங்களைப் பற்றி மாணவர்களுக்கோ பெற்றோருக்கோ யாரும் சொல்லவில்லை என்பது அவள் பெற்றோரின் மனக்குமுறல். அவர்கள் விடாமல் போராடியதில் 1990-இல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. இன்று அது கிளெரி சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. வளாகக் குற்றங்களின் கணக்கை வெளியிட வேண்டும், தொடரக்கூடிய ஆபத்து இருந்தால் காலத்தோடு எச்சரிக்க வேண்டும் என்று அது பல்கலைக்கழகங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

அந்தச் சட்டம் இருந்தும் 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்தது என்ன? காலை 7.15 மணியளவில் ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். சுட்டவன் பிடிபடவில்லை. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26 மணிக்கு. அதிலும் "ஒரு துப்பாக்கிச்சூடு நடந்தது, கவனமாக இருங்கள்" என்ற அளவில்தான் இருந்தது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் அதே ஆள் வேறொரு கட்டடத்தில், வகுப்பறைகளுக்குள் புகுந்து 30 பேரைக் கொன்றான். மொத்தம் 32 உயிர்கள். பிறகு மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஒரு செய்தி என் நெஞ்சைவிட்டு நீங்காதது: பல்கலைக்கழகப் போலீசாரால் தாங்களாகவே எச்சரிக்கை அனுப்ப முடியாத நிலை அங்கே இருந்தது. சம்பவ இடத்தில் நின்றவர்கள் அவர்கள். அனுப்பும் வசதியோ நிர்வாகத்தினரிடம் இருந்தது. நிர்வாகம் கூடி, பேசி, வாசகம் எழுதி அனுப்புவதற்குள் இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்து உறுதியானால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற விதிகள் அப்போது வந்தவை.

மலேசியாவில் அதற்கு நிகரான தனிச் சட்டம் கிடையாது. இங்கே வளாகப் பாதுகாப்பு 1988-ஆம் ஆண்டு தீயணைப்புச் சட்டம், 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் என்று பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களில் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. துணைப் போலீசார் இருக்கிறார்கள். ஒவ்வொரு விடுதிக்கும் பொறுப்பாளர் இருக்கிறார். ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய பலம். அந்த ஆட்களுக்கிடையே செய்தி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

நம் வளாகங்களுக்கு வரும் ஆபத்துகள் வேறு வகை. துப்பாக்கியை நினைத்துக் கட்டிய ஏற்பாட்டை அப்படியே இங்கே இறக்கினால் பொருந்தாது. இங்கே தீ, மழை, மண்சரிவு, மின்னல், மரம் விழுவது, புகைமூட்டம் ஆகியவைதான் அடிக்கடி வருபவை. பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4 இரவு தொடங்கிய மழையில் மாநிலமே வெள்ளக்காடானது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அது வார இறுதி இரவு. அலுவலகங்கள் மூடியிருக்கும், விரிவுரை இருக்காது, விடுதிகளில் மட்டும் பிள்ளைகள் இருப்பார்கள். எச்சரிக்கை ஏற்பாட்டைத் திட்டமிடுகிறவர்கள் திங்கட்கிழமை காலை பத்து மணியை மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். சனிக்கிழமை நள்ளிரவை வைத்துத் திட்டமிட வேண்டும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் மன்றாடுகிறேன்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் 2021 டிசம்பர் 18 அன்று பெய்த மழையும் சனிக்கிழமைதான் வந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை எட்டு மணியளவில் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிழம்பு பல மாடி உயரத்துக்கு எழுந்தது. விடுமுறை நாட்களையும் மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பினாங்கு என்றதும் பெற்றோர் எல்லோரும் கேட்பது சுனாமியைப் பற்றி. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது மலேசிய நேரம் காலை 8.58. கடல் பினாங்குக் கரையில் ஏறியது பிற்பகல் ஒரு மணியளவில். நடுவில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாலிக் பூலாவ், பத்து பெரிங்கி பக்கக் கடற்கரைகளில் குடும்பங்கள் உல்லாசமாக இருந்தன. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். அந்த நான்கு மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களிடம் செய்தியைச் சேர்க்க வழி ஏதும் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், 2005-இல், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கீழ் தேசியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. கரையோரங்களில் சைரன்களும் நிறுவப்பட்டன.

உங்கள் மகள் படிக்கப்போகும் மிண்டன் வளாகம் தீவின் கிழக்குப் பக்கம், குளுகோரில், முன்பு இராணுவ முகாமாக இருந்த மேட்டு நிலத்தில் இருக்கிறது. 2004-இல் அதிகம் அடிபட்டவை வடக்கு, மேற்குக் கரைகள். ஆகவே விடுதியைப் பற்றி நீங்கள் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் வார இறுதியில் எங்கே போவார்கள்? பத்து பெரிங்கிக்கும் தெலுக் பஹாங்குக்கும்தான். வளாகத்தின் சைரன் அங்கே கேட்காது. கரையில் சைரன் ஒலித்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை அவளிடம் நேரில் சொல்லிவிடுங்கள். நம் கரைக்கு அலை அனுப்பக்கூடிய நிலநடுக்கம் தொலைவில் நடப்பதால், காலடியில் அதிர்வு தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அடுத்து, கைப்பேசியில் வரும் எச்சரிக்கை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான்.

வழக்கமான குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போவது. முப்பதாயிரம் பேருக்கு அனுப்பினால் முப்பதாயிரம் செய்திகள் வரிசையில் நின்று போகும். சம்பவம் நடந்த நேரத்தில் வளாகத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டுக்குத் தொலைபேசி செய்வதால் அலைவரிசை நெரிசலாகி அந்த வரிசை இன்னும் மெதுவாகும். இதற்கு மாற்றாகக் கோபுர ஒலிபரப்பு என்று சொல்லத்தக்க முறை ஒன்று உண்டு. கைப்பேசிக் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் வானொலிபோல ஒரே வீச்சில் செய்தியை அனுப்பிவிடும். யாருடைய எண்ணும் தேவையில்லை, நெரிசல் பாதிக்காது, கைப்பேசி மௌன நிலையில் இருந்தாலும் உரத்த ஒலி எழுப்பும்படி அமைக்க முடியும். ஜப்பானில் 2007 முதல் நிலநடுக்க எச்சரிக்கை இப்படித்தான் போகிறது. நெதர்லாந்து 2012-இல் தொடங்கியது. 2023-இல் பிரிட்டனும் இந்தியாவும் நாடளவில் சோதித்துப் பார்த்தன. ஆனால் இந்த முறை அரசாங்கமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கையாள வேண்டியது. ஒரு பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி ஒலிபரப்ப முடியாது. அதனால் வளாகங்களுக்கு மிஞ்சுவது குறுஞ்செய்தி, மின்னஞ்சல், செயலி, சமூக ஊடகப் பக்கம், சைரன், ஒலிபெருக்கி ஆகியவைதான்.

செயலிக்கு இணையத் தொடர்பு வேண்டும். மின்சாரம் போனால் வளாக வைஃபை போகும். தேர்வு மண்டபத்தில் கைப்பேசியே உள்ளே வராது. தொழுகை நேரத்திலும் விரிவுரையிலும் ஒலி அடக்கப்பட்டிருக்கும். இரவில் பல பிள்ளைகள் கைப்பேசியைத் தொந்தரவு செய்யாதே நிலையில் வைத்துத்தான் தூங்குகிறார்கள். ஆகவே செயலி ஒரு வழி. அது தவறினால் காதுக்கு எட்டும் வேறொரு வழி கட்டாயம் வேண்டும்.

குறுஞ்செய்தியின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ரோமன் எழுத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ சீனத்திலோ எழுதினால் 70 குறியீடுகள்தான். அதிலும் நம் எழுத்தில் புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனிக் குறியீடாகக் கணக்காகும். "கொ" என்பதே இரண்டு. 70 குறியீட்டுக்குள் இடம், ஆபத்து, செய்ய வேண்டியது மூன்றையும் அடக்குவது கடினம். நீளம் கூடினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும், வரிசை இன்னும் நீளும். மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் தமிழ்ச் செய்தி ஒலிபெருக்கியிலும் அறிவிப்புப் பலகையிலும் வரட்டும். முதல் குறுஞ்செய்தி எல்லோருக்கும் புரியும் எளிய மலாயில், சுருக்கமாகப் போகட்டும்.

ஒலிபெருக்கியில் தமிழ் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது மாணவர்களுக்காக அல்ல. வளாகம் என்றால் மாணவர்களும் விரிவுரையாளர்களும் மட்டுமா? அதிகாலை ஐந்தரைக்கு வந்து படிகளைக் கூட்டுகிற அம்மாக்கள், சிற்றுண்டிச் சாலையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நிற்கிறவர்கள், புல் வெட்டுகிற வங்காளதேசத் தொழிலாளிகள், குத்தகைக்காரரின் ஆட்கள், உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் பெயரும் பல்கலைக்கழகத்தின் எண் பட்டியலில் இருக்காது. செயலி இவர்களைச் சென்றடையாது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்: கோலாலம்பூர் பக்கம் ஒரு வாயில், பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு வாயில், நடுவில் சாலைகள், ஏரி, பக்கத்தில் பெரிய மருத்துவமனை. அப்படிப்பட்ட இடத்தில் எந்த நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் போட முடியாது. அவர்களுக்குச் சைரனும் மனிதக் குரலும்தான் எச்சரிக்கை. துப்புரவுப் பணியாளர்களை அவசரகாலப் பயிற்சிக்கு அழைக்காத இடங்களில், அவர்களையும் கூட்டி வாருங்கள் என்று நிர்வாகத்திடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். கட்டடத்தின் பின்கதவு எது, எந்தக் கதவுக்குப் பூட்டு என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இனி தீ எச்சரிக்கை. மாணவர் விடுதியில் மிக அருகில் இருக்கும் ஆபத்து இதுதான். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி விடுதியின் கீழ்த்தளத்தில் காவலர் அறைக்குப் பின்சுவரில் சிவப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதுதான் தீ எச்சரிக்கைக் கட்டுப்பாட்டுப் பலகை. மாடிக்கு ஒரு விளக்கு. சிவப்பு எரிந்தால் தீ. மஞ்சள் எரிந்தால் பழுது. நான் பார்த்த அன்று மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழுதைச் சொல்லும் சிறிய மணி அடக்கப்பட்டிருந்தது. ஒரு மாடியின் சாவி துண்டிப்பு நிலையில் திருப்பப்பட்டு, அதன்மேல் "ஜாங்கான் உசிக்" (தொடாதே) என்று மலாயில் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. பசை காய்ந்து பழுப்பேறியிருந்தது. காவலர் நம்மவர்தான், வயதானவர். "ஏன் அண்ணே, இந்த மாடியை அணைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "அந்த மாடிப் பிள்ளைகள் இரவில் மேகி சமைக்கிறார்கள் தம்பி. ஆவி பட்டால் மணி அடிக்கிறது. எல்லோரும் திட்டுகிறார்கள். அதனால் அணைத்துவிடச் சொன்னார்கள்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆவிக்கும் அடிக்கும் மணியை அடிக்கடி கேட்கிற பிள்ளைகள், உண்மையான தீயன்றும் போர்வையை இழுத்துக்கொண்டு படுப்பார்கள். அந்தச் சிக்கல் நிஜம். ஆனால் தீர்வு அந்த மாடியைச் செவிடாக்குவதாக இருக்கக் கூடாது. சமையல் அறைக்குப் பக்கத்தில் புகை உணரும் கருவியை எடுத்துவிட்டு வெப்பம் உணரும் கருவியை மாட்டலாம். சமைப்பதற்கென்று ஓர் இடம் ஒதுக்கலாம். சிறிய செலவு. விடுதியைப் பார்க்கப் போகும்போது நீங்களே காவலர் அறையில் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பச்சை விளக்கு மட்டும் எரிகிறதா, மஞ்சள் எரிகிறதா என்று பார்க்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. மஞ்சள் எரிந்தால் எவ்வளவு நாளாக எரிகிறது என்று கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பழுது விரைவில் சரியாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதிகாரத்துக்கு வருகிறேன். பயிற்சியின்போது நாங்கள் ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுப்போம்: விடியற்காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து வாயு வாடை வருகிறது, காவலர் முதலில் உணர்கிறார். அதன்பின் என்ன நடக்கிறது? காவலர் மேற்பார்வையாளரை அழைக்கிறார். மேற்பார்வையாளர் பாதுகாப்புப் பிரிவுத் தலைவரை அழைக்கிறார். அவர் பதிவாளரை அழைக்கிறார். பதிவாளர், துணைவேந்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்கிறார். அனுமதி கிடைத்ததும் தகவல் தொடர்புப் பிரிவில் ஒருவர் வாசகம் எழுத வேண்டும். அதைக் கணினிப் பிரிவில் ஒருவர் ஏற்ற வேண்டும். அவருடைய கடவுச்சொல் அலுவலகத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். ஒவ்வொருவரும், தவறான எச்சரிக்கை போய்விட்டால் தன் தலை உருளுமே என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நீக்காமல் எத்தனை இலட்சம் ரிங்கிட்டுக்கு ஏற்பாடு வாங்கினாலும் செய்தி நேரத்துக்குப் போகாது.

வழி எளிதுதான். பணியில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரி, யாரையும் கேட்காமல் முதல் செய்தியை அனுப்பலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். எந்தெந்த ஆபத்துக்கு என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். தீ, வாயுக்கசிவு, வெள்ளம், ஆயுதத்தோடு ஒருவர் என்று ஒவ்வொன்றுக்கும் வாசகத்தை அமைதியான நாளில் எழுதி வைத்துவிட்டால், அன்றைக்கு இடத்தின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். நல்லெண்ணத்தோடு அனுப்பிய எச்சரிக்கை தவறாகப் போனாலும் அவர்மீது நடவடிக்கை இல்லை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டிய இன்னொன்று, ஆபத்து நீங்கியது, அல்லது முந்தைய செய்தி தவறு என்று சொல்லும் வாசகம். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை தவறுதலாக எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்விட்டது. அதே வழியில் மறுப்புச் செய்தி போக 38 நிமிடங்கள் ஆயின. மறுப்புக்கென்று வாசகம் தயாராக இருக்கவில்லை. அந்த 38 நிமிடங்களில் பெற்றோர் பிள்ளைகளைத் தரைக்கடி வடிகால்களுக்குள் இறக்கினார்கள். நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அடுத்த எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்?

நல்ல எச்சரிக்கைக்கு என்ன இலக்கணம்? பேரிடர் எச்சரிக்கைகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த டென்னிஸ் மிலெட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் ஐந்து செய்திகள் வேண்டும் என்றார்கள்: சொல்வது யார், ஆபத்து என்ன, எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும். "வளாகத்தில் அசம்பாவிதம், எச்சரிக்கையாக இருக்கவும்" என்ற செய்தியில் இவற்றில் எதுவும் இல்லை. "பாதுகாப்புப் பிரிவு: வேதியியல் கட்டடத்தில் வாயுக்கசிவு. இப்போதே வெளியேறித் திடலுக்குச் செல்லவும். மின்தூக்கி வேண்டாம். அடுத்த செய்தி 3.20-க்கு." இதில் ஐந்தும் இருக்கின்றன. கடைசி வாக்கியம் மிக முக்கியம். அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிந்தால் மக்கள் அதுவரை பொறுப்பார்கள். தெரியாவிட்டால் வாட்ஸ்அப்பில் தேடத் தொடங்குவார்கள்.

எச்சரிக்கை கேட்டவுடன் யாரும் ஓடுவதில்லை என்பதும் அந்த ஆராய்ச்சிகள் சொன்னதுதான். முதலில் பக்கத்து அறையைப் பார்ப்பார்கள், நண்பரைக் கேட்பார்கள், இரண்டாவது இடத்திலிருந்து உறுதி வந்த பிறகே காலை எடுத்து வைப்பார்கள். மனித இயல்பு அது. அதனால்தான் ஒரே செய்தி இரண்டு மூன்று வழிகளில், ஒரே வாசகத்தில் வர வேண்டும். குறுஞ்செய்தி ஒன்று சொல்ல, விடுதிக் குழுவில் வேறொன்று ஓட, ஒலிபெருக்கி மூன்றாவதாக ஏதோ சொன்னால், பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். விடுதி வாட்ஸ்அப் குழு நல்லதுதான். ஆனால் வார்டன் மட்டும் பதிவிடக்கூடிய தனிக் குழு ஒன்று அவசரத்துக்கென்று இருக்கட்டும். எல்லோரும் பேசும் குழுவில் முக்கியச் செய்தி இருபது வினாடியில் மேலே போய் மறைந்துவிடும்.

மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. மாலையில் திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இதற்கென்று தனிச் சைரன் எல்லா இடத்திலும் இருக்காது. மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திடலுக்குத் திரும்பக் கூடாது. மரத்தடி ஒதுங்குமிடம் ஆகாது.

இப்போது உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை. சேர்க்கைப் படிவத்தில் தொலைபேசி எண் என்ற இடத்தில் பல பெற்றோர் தங்கள் எண்ணை எழுதிவிடுகிறார்கள். பிறகு எச்சரிக்கை ஈப்போவுக்கு வரும்; மிண்டனில் இருக்கும் மகளுக்குப் போகாது. அவளுடைய எண்ணே இருக்கட்டும். சிம் அட்டையை மாற்றினால் பல்கலைக்கழகத் தளத்தில் அன்றே திருத்தச் சொல்லுங்கள். பாதுகாப்புப் பிரிவின் 24 மணி நேர எண்ணைக் கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி, அறைக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அறிமுக வாரத்தில் கூட்டம் கூட்டி எல்லாம் சொல்வார்கள். பிள்ளைகள் களைப்பில் பாதியை விட்டுவிடுவார்கள். அந்த வாரத்திலேயே ஒருநாள் அவள் தன் அறையிலிருந்து இரண்டு வழிகளில் கீழே இறங்கி, பச்சைப் பலகை வைத்த ஒன்றுகூடும் இடம்வரை நடந்து பார்க்கட்டும். கதவுகளை எண்ணிக்கொண்டு நடக்கட்டும், ஏனென்றால் புகையில் கண் தெரியாது. பயிற்சி மணி அடித்தால் தோழிகள் படுத்திருந்தாலும் அவள் இறங்கட்டும்.

செய்தி கேள்விப்பட்டதும் நீங்கள் அவளை விடாமல் அழைக்காதீர்கள். ஒளிந்திருக்கும் பிள்ளையின் கைப்பேசி மணி ஆபத்தைக் கூட்டும், அலைவரிசையும் நெரியும். "நலம், இங்கே இருக்கிறேன்" என்று ஒரே வரி அவள் அனுப்ப வேண்டும், நீங்கள் அதற்குக் காத்திருக்க வேண்டும் என்று இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கண்ணெதிரே ஏதாவது நடந்தால் முதலில் 999. அங்கே "யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) விடுதி" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் தேசாசிஸ்வா (அங்கே விடுதித் தொகுதிக்குச் சொல்லும் பெயர்), எந்தப் புளோக், எத்தனையாவது மாடி, எந்த வாயில் பக்கம் என்று சொல்ல வேண்டும். அடுத்த அழைப்பு வளாகப் பாதுகாப்புப் பிரிவுக்கு. தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வளாகத்துக்குள் வழி தேடிச் சுற்றாமல் இருக்க, வாயிலில் நின்று முன்னால் வழிகாட்டிக் கூட்டிவரக்கூடியவர்கள் அவர்கள்தான்.